கீரை போட்ட நோன்புக்கஞ்சி

மஸ்கட்டில் எனக்கு வாய்த்த முதல் ரமலானில், சாயங்காலம் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல் வாசலில் போய் நின்றேன். வாளியோடு நின்ற ஒரே ஆள் நான்தான். வெள்ளை அங்கி போட்ட ஓமானியப் பெரியவர் ஒருவர், நான் எதையோ கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று நினைத்து, நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லிவிட்டு வாளியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. கஞ்சி ஊற்றுங்கள் என்று கையால் காட்டினேன். தண்ணீர் கேட்கிறேன் போலிருக்கிறது என்று என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போனார். சரியென்று கை கழுவினேன். பிறகு பாயில் உட்காரவைத்துப் பேரீச்சம்பழத்தையும் மோரையும் முன்னால் நகர்த்தினார். நான் முஸ்லிம் இல்லை என்று எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் சொன்னேன். அதற்கென்ன என்பதுபோலத் தோளை அழுத்திவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். வயிறு நிறைந்தது. வாளி மட்டும் காலியாக அறைக்குத் திரும்பியது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நான் செய்ததில் என்ன தப்பு என்றே விளங்காது. சின்னமனூரில் நோன்பு மாதம் வந்தால் பொழுது சாய்வதற்கு முன்பே பள்ளிவாசல் முன்னால் நோன்புக்கஞ்சி வாங்க வாளிகள் வரிசை பிடிக்கும். யார் வீட்டு வாளி என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள் திராட்சையும் வாழையும் போடுகிற குடும்பம். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிற வீட்டு வாளியும் அந்த வரிசையில் இருக்கும். பள்ளிவாசல் தெருவில் இருந்த என் கூட்டாளி காதர் எனக்கு முன்னால் இடம் பிடித்து வைப்பான். அவன் பள்ளிவாசலில் நோன்பு திறந்து தொழுதுவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து இன்னொரு முறை கஞ்சி குடிப்பான். வளர்கிற உடம்பு என்று அம்மா சொல்லும்.

ஒன்பதாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவரவில்லை. திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்தேன். மலையேறி வண்டன்மேட்டில் ஏலக்காய் தரம் பிரித்தேன், மலையாளம் அங்கே ஒட்டிக்கொண்டது. திருப்பூர், பெங்களூர் என்று சுற்றிவிட்டு, இப்போது இங்கே ஏசி குழாய்களுக்குள் ஊர்ந்து தூசி எடுக்கிறேன். ஊருக்கே குளிர் கொடுக்கிற குழாய்க்குள் வெயில் காலத்தில் தோல் வெந்துபோகும். அறையில் அடுக்குக் கட்டில்கள், தூங்குவதற்கும் முறை வைத்திருக்கிறோம். அதுதான் வேலை, அதுதான் கூலி.

வெள்ளிக்கிழமைகளில் மலையாளிகள் சிலர் ஓர் உணவகத்தின் மாடியில் இஸ்லாமியப் பண்பாடு, இலக்கியம், சமூக வாழ்க்கை என்று வகுப்பு நடத்தினார்கள். யாரும் வரலாம் என்று எழுதிப்போட்டிருந்தது. நிஜத்தைச் சொன்னால், அங்கே ஏசி ஓடியது. அதற்காகத்தான் போனேன். போன அன்றே மாட்டிக்கொண்டேன். தொழுகைக்கு அழைக்கிற பாங்கை நான் பிறந்ததிலிருந்து கேட்டவன். மதியப் பாங்கு கேட்டால் தோட்டத்தில் சோற்றுச் சட்டியைத் திறப்போம், சாயங்காலப் பாங்கு கேட்டால் மோட்டாரை நிறுத்துவோம். அதில் ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது என்று மஸ்கட்டில்தான் தெரிந்துகொண்டேன். இன்னொரு நாள் வாத்தியார் அரபி எழுத்தில் இருந்த ஒரு பக்கத்தை வலமிருந்து இடமாக விரல் ஓட்டி வாசித்தார். காதில் விழுந்தது தமிழ். தமிழை அரபி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்! கிஸ்ஸா என்று கதைப்பாட்டு, முனாஜாத்து என்று இறைவனிடம் இறைஞ்சுகிற பாட்டு, எல்லாம் என் மொழியில். பக்கத்துத் தெருவில் இருந்த வீட்டின் மாடியை இத்தனை வருஷம் அண்ணாந்து பார்க்காமலே நடந்திருக்கிறேன் என்று தோன்றியது. அன்றைக்குப் பேருந்தில் ஏறாமல் அறைவரை நடந்தே போனேன். உட்கார முடியவில்லை.

வகுப்பு முடிகிற நாளில் ஒவ்வொருவரும் தன் ஊர் முஸ்லிம்களின் வாழ்க்கையில் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். தேறினால்தான் மேல்வகுப்பு. அதில் அரபுத்தமிழ் வாசிக்கக் கற்றுத் தருவார்கள். எனக்கு அந்த வகுப்பு வேண்டும். ஜென்மத்தில் முதல்முறையாகப் படிக்க ஓர் இடம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மலப்புறத்து ஷம்சு, முஸ்லிம் அல்லாத நீ எதைப் பார்த்தாய் என்று பேசுவாய் என்றான். பேசமாட்டேன், காய்ச்சுவேன் என்றேன். அம்மா கையில் குடித்த ருசியை நினைவில் வைத்தே அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால், கடைசியில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை என்று போட்டு வாளி நிறையக் கொண்டுபோனேன்.

ஷம்சு ஒரு வாய் குடித்துவிட்டு, இது கஞ்சியா சாம்பாரா என்றான். அவன் ஊரில் ரவையும் பாலும் சேர்த்து இனிப்பாகக் காய்ச்சுவார்களாம். அவனை நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் வகுப்பில் என்னோடு படித்த இப்ராஹிம் பாய் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கம்பத்துக்காரர், இங்கே தையல்கடை வைத்திருப்பவர். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தம்பி, பள்ளிவாசல் கஞ்சியில கீரையை எப்பப் போட்டாக? இது நம்ம கஞ்சியே இல்லையே."

மாடி முழுக்கச் சிரித்தது. என் மேல்வகுப்பு கீரையோடு போய்விட்டது என்றே நினைத்தேன். சின்னமனூரில் இப்படித்தான் என்று விடாமல் சாதித்தேன். அப்படியானால் கேட்டுவிடலாமே என்றார் வாத்தியார். காதரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு.

"ஏலே, அது ஒங்கம்மா கஞ்சிலே. ஒரு வாளி ஒங்க வீட்டுல அத்தனை வாய்க்கும் எப்படிப் பத்தும்? பழைய சோத்தைக் கரைச்சு ஊத்தி, கீரையை உருவிப் போட்டுக் கொதிக்க வைப்பாக. நீ வெளையாண்டுட்டு வர்றதுக்குள்ள சோலி முடிஞ்சிரும்."

"அப்ப நீ எதுக்குடா தெனமும் எங்க வீட்டுக்கு வந்த?"

"பெறகு, ஒன் மூஞ்சியப் பாக்கவா வந்தேன்? அந்தக் கஞ்சிக்குத்தான். எங்கம்மா ஒங்கம்மாட்டக் கேட்டுட்டு வந்து, இங்கன இப்ப எங்க வீட்டுலயும் கீரை போடுறாக."

இப்ராஹிம் பாய் கரண்டியைத் திரும்ப எடுத்தார். நான் எழுந்து, பள்ளிவாசல் வாசலைத் தாண்டிய பிறகு ஒரு வாளிக் கஞ்சி எந்தெந்த அடுப்புக்குப் போகிறது, என்னவாகித் திரும்பி வருகிறது என்று வாய்க்கு வந்த மலையாளத்திலும் தமிழிலும் பேசினேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. முடித்தபோது வாளி காலி. ஷம்சுதான் அடியை வழித்திருந்தான். மேல்வகுப்பில் என் பெயர் இருக்கிறது. முதல் எழுத்தான அலிபில் தொடங்கித் தட்டுத்தடுமாறி வாசிக்கிறேன்.

இந்த ரமலானிலும் அதே பள்ளிவாசலுக்குப் போகிறேன். வாளியோடு வரும் என்னை இப்போது யாரும் குழாயடிக்குக் கூட்டிப்போவதில்லை. பெரியவர் அதில் கோதுமையும் இறைச்சியும் குழைந்த ஹரீஸை ஊற்றி மூடித் தருகிறார். அறைக்குப் போய்க் கீரை போட்டுக் கொதிக்கவைப்பேன் என்று அவருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் பொழுது முன்னதாகவே சாய்ந்துவிடும். நேற்று பாயில் உட்கார்ந்து பாங்குக்குக் காத்திருந்தபோது அம்மா வீடியோவில் வந்தது. கஞ்சி குடித்து முடித்தாயிற்று என்று போனைத் திருப்பிக் காட்டியது. அங்கே வாளி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. என் வாளி முழங்காலுக்குப் பக்கத்தில், திறந்தபடி.