மடிக்காத இலை

தையல் மிஷின் ரிப்பேர்காரனுக்குப் போகிற இடமெல்லாம் மரியாதை உண்டு. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவனை யாருக்கும் ஞாபகம் வராது.

தனி ஆளாக ஊர் ஊராய்ச் சாப்பிட்டுக் காலம் தள்ளும் என் இனத்தவரே! தோழர்களே என்று கூப்பிட ஆசைதான். ஆனால் நான் சொல்வது மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளைத் தேடி வேட்டையாடிய அவசரகாலம். அந்த வார்த்தைக்கே போலீஸ் வந்துவிடும். கப்பலை விட்டு இறங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத நான், மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் சின்னப் பட்டணங்களிலும் மிஷின் பழுது பார்த்துத் திரிந்தேன். கூடவே வயிற்றில் ஒரு புண்ணும் திரிந்தது. கம்பெனி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சமாவது சாப்பிட வேண்டும், மிளகாய் ஆகாது, வயிறு காலியாக இருக்கக் கூடாது. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பார். புண் ஆறாவிட்டால் வெளியூர் வேலை கிடையாது. கம்பெனியில் என்னை உட்கார வைக்க உள் வேலையும் கிடையாது. ஆக, புண் ஆறாவிட்டால் கப்பல்தான்.

இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று சட்டம். பட்டணத்தைத் தாண்டி ஒரு பிடி சோறு, ஒரு ரொட்டித் துண்டு கொண்டு போக முடியாது. பால் டின்னைக்கூடப் பதுக்கி வைக்க முடியாதபடி கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் தருவார். நான் ஒரு தடவை வாங்கிப் பையில் வைத்தேன். ஒரு வாரத்துக்கு என் ஸ்பேனர்களை எறும்பு விடவில்லை.

சோறு இருக்கா?

நியாலாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கேட்டில் ஒரு மலாய்க் காவலர் துப்பாக்கியோடு நிற்பார். அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டே வார்த்தை. வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்தி, "சோறு இருக்கா?" என்று கேட்பார். இருந்தால் பிடுங்கி வைப்பது அவர் வேலை.

அன்று பஸ் பழுதாகி, இரவல் சைக்கிளில் மூன்று மைல் மிதித்து, வயிறு எரிய எரிய வந்து சேர்ந்தேன். "சோறு இருக்கா?" என்றார். இந்த ஊருக்கு வந்த நாளாக என்னிடம் யாரும் இவ்வளவு அன்பாகப் பேசியதில்லை என்று தோன்றியது. "இல்லைங்க அண்ணே, இருந்தா கொஞ்சம் குடுங்க" என்று கையை நீட்டிவிட்டேன். அவருக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கப்பிள்ளை, மொழிபெயர்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தன் குடிசைக்குள் போய், தனக்கென்று அவித்து வைத்திருந்த மரவள்ளிக் கிழங்கில் இரண்டு துண்டு எடுத்து வந்தார். நான் வாங்கிக்கொண்டு கேட்டுக்குள் நடந்தேன். துப்பாக்கி குறுக்கே வந்தது. தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம் தின்னலாம், அந்தப் பக்கம் தின்னக் கூடாதாம். "மாக்கான் சினி போலே, மாக்கான் சானா தா போலே!"

வயிற்றில் கட்டிய பொட்டலம்

ஜாசினில் வீரம்மா அக்காவின் சாப்பாட்டுக் கடை. நாலு பெஞ்சு, எட்டு ஆள் உட்காரலாம். ஒன்பதாவது ஆள் வந்தால் அக்கா முறைக்கிற முறைப்பில் முதல் ஆள் எழுந்துவிடுவார். என் கதையை முழுக்கச் சொல்லி, பத்து மணி பஸ்ஸுக்குப் போகும்போது சின்னதாக ஒரு பொட்டலம் மட்டும் கட்டித் தரும்படி கெஞ்சினேன்.

அக்கா இலையைப் போட்டார். என்னை உட்கார வைத்து, மோரை ஊற்றிச் சோற்றைக் குழைய மசித்து, உப்பு மட்டும் போட்டு, நான் போதும் போதும் என்ற பிறகும் இரண்டு கரண்டி வைத்தார். வேறு யாருக்கும் அந்தக் கடையில் சோற்றை மசித்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை. எழுந்திருக்க முடியாமல் எழுந்தேன். அக்கா கரண்டியாலேயே என் வயிற்றைக் காட்டினார். "பொட்டலம் கட்டியாச்சு, போ தம்பி. இத எந்த கேட்டுல பிரிச்சுப் பாப்பான்னு நானும் பாக்குறேன்!"

காரம் வேண்டாம்

மஸ்ஜித் தானாவில் நம்மவர் கடை அப்போது என் கண்ணில் படவில்லை. ஒரு மலாய் அம்மாவின் சாப்பாட்டுக் கடைதான் கதி. மக்சிக் என்று கூப்பிடுவோம், பெரியம்மா மாதிரி. என் மலாய் அரைகுறை. தெரிந்ததை வைத்து, "காரம் தா மாவ்" என்றேன். காரம் வேண்டாம் என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. மக்சிக் நெற்றியைச் சுருக்கினார். பிறகு தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

வந்த குழம்பு ரத்தச் சிவப்பு. வாயில் வைத்தால் நெருப்பு, ஆனால் உப்பு துளிகூட இல்லை. ஓரத்தில் இருந்த மீனை மட்டும் கழுவித் தின்றுவிட்டு, இந்த ஊர்ச் சமையலே இப்படித்தான் போலிருக்கிறது என்று எழுந்து போனேன். அடுத்த வாரமும் அதே வார்த்தை, அதே நெருப்பு. அன்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த பஸ் கண்டக்டர் முனியாண்டிதான் விஷயத்தை உடைத்தார். மலாயில் காராம் என்றால் உப்பு!

மக்சிக்கிடம் அவர் சொன்னதும் அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். உடனே அடுப்பைப் பற்ற வைத்து, எனக்கென்று தனியாக முட்டையும் கீரையும் மிளகாய் இல்லாமல் செய்து போட்டார். அதற்குப் பிறகு நான் போன வாரமெல்லாம் அது தயாராக இருக்கும். அன்று நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர் முனியாண்டியிடம் ஏதோ சொன்னார். முனியாண்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு எனக்குச் சொன்னார்: "உப்பில்லாம ரெண்டு வாரம் தின்னுட்டு வாயத் தொறக்காத ஆம்பளையத்தான் என் மகளுக்குத் தேடுறேன்னு சொல்றாங்க லா!"

மடிக்காத இலை

ஜாசின் பட்டணத்திலேயே வேலை இருக்கும் நாளில் வேறு சிக்கல். அரிசி அளந்து கிடைத்த காலம். ஒரு ஆளுக்கு ஒரு சாப்பாடு என்று வீரம்மா அக்கா சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். எனக்கோ ஒரு சாப்பாட்டை இரண்டாகப் பிரித்து, இடையில் மூன்று மணி நேரம் விட்டுச் சாப்பிட வேண்டும். அக்கா யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். இலையை மடித்தால்தான் சாப்பாடு முடிந்தது. மடிக்காத வரை அது ஒரே சாப்பாடுதான். அன்றிலிருந்து நான் பாதி சாப்பிட்டுவிட்டு எழுந்து போவேன். அக்கா மீதிச் சோற்றை இலையோடு தட்டால் மூடி, பெஞ்சின் மூலையில் வைத்திருப்பார். அந்த இடத்தில் யாரையும் உட்கார விடமாட்டார்.

ஒரு நாள் உணவுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒரு தமிழ்க் கிளார்க்கோடு சோதனைக்கு வந்தார். தட்டைத் தூக்கினால் சோறு இருக்கிறது, ஆள் இல்லை. "யாருக்கு இது?" "தம்பி சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு." "எங்கே ஆளு?" "அதான் சொல்றேனே, சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. நாலாவது கடையில மிஷின் பாக்குறாரு." அதிகாரியின் முகம் மாறியது. ஆளில்லாத சோறு காட்டுக்குப் போகிற சோறு. அந்தச் சந்தேகம் ஒன்று போதும், கடைக்குப் பூட்டு, அக்காவுக்கு ஜெயில்.

ஆள் வந்து சொன்னதும் நான் எண்ணெய்க் கையோடு ஓடினேன். வயிற்றுப் புண்ணையும் டாக்டரையும் மூன்று மணி நேரத்தையும் உளறிக் கொட்டினேன். என்னால் அக்கா ஜெயிலுக்குப் போவதா! அதிகாரி பெஞ்சைக் காட்டினார். கையைக் கழுவிவிட்டு, அவர் பார்க்க, கடையே பார்க்க, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். இலையை என் பக்கமாக மடித்தேன். அப்படி மடித்தால் சாப்பாடு திருப்தி, மறுபடி வருவான் என்று அர்த்தம் என்று கிளார்க் விளக்கினார். அதிகாரி மடித்த இலையை வெகு நேரம் பார்த்தார். பிறகு தானும் உட்கார்ந்து ஒரு காப்பி கேட்டார். போகும்போது என் ஐ.சி.யை, அதாவது அடையாள அட்டையை, வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னதைக் கிளார்க் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார்: "அடுத்த தடவ அந்த இலைக்கும் ஒரு ஐ.சி. எடுத்து வைக்கச் சொல்றாரு!"

லிம் தவ்கே

அலோர் காஜாவில் சைக்கிள் கடை மாடியில் தங்குவேன். கடையின் சீன முதலாளி லிம் தவ்கே சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு விடியற்காலை கதவைத் தட்டி, ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சியை நீட்டினார். மறு தடவை போனபோதும் அதே கஞ்சி. காரணம் கேட்டேன். மாடியில் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகுவது கீழே கேட்கிறதாம். நான் நன்றி சொல்ல வாயெடுத்ததும் எரிந்து விழுந்தார். நான் தின்றால்தான் அவர் தூங்க முடியுமாம். "லு மாக்கான், குவா போலே தீடோர் லா!"

ஆறாவது மாதம்

மலாக்காவில் டாக்டர் முன்னால் படுத்தபோது எனக்குக் கப்பல் சங்கு ஊதுவதே காதில் கேட்டது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வயிற்றை அமுக்கினார், வலிக்கிறதா என்றார், மறுபடி அமுக்கினார். வலிக்கவில்லை. எனக்கே நம்ப முடியாமல், "இன்னும் கொஞ்சம் அமுக்குங்க டாக்டர்" என்றேன். புண் ஆறிவிட்டது, தாராளமாக வெளியூர் போகலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தை வாங்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பாராட்டினார், அதாவது என்னை இல்லை. "உம்மட மனிசி நல்ல கெட்டிக்காரி. அவவை விட்டிடாதையும்!"

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பதையும், அந்தக் கெட்டிக்காரிகளில் ஒருவர் துப்பாக்கியோடு நிற்பவர் என்பதையும் டாக்டரிடம் நான் சொல்லவில்லை.