மூடித் திறந்தால்தான் மாறும் திரை

நர்ஸான எனக்கு வாய் ஜாஸ்தி என்று வார்டு முழுக்கத் தெரியும். எங்கள் மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதிக்கொடுத்த அந்தப் பெண்ணுக்கோ வாயே கிடையாது. வீட்டில் காது கேளாத மாமியார், இரட்டைப் பிள்ளைகள். அங்கே கத்தித் தொண்டை தீர்ந்துபோய்த்தான் வேலைக்கு வருவாள் போல. ஊமைக்கோட்டான் என்று பட்டப்பெயர் வைத்ததே நான்தான்.

ஒரு குழந்தைக்கு மருந்தின் அளவை டாக்டர் பாதியாகக் குறைத்திருக்கிறார். நான் முழு அளவு கொடுத்துவிட்டேன். தெய்வாதீனமாகக் குழந்தை கூடுதலாகத் தூங்கியதோடு சரி. என் திரையில் முழு அளவுதான் இருந்தது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அதிகாரி திறந்து பார்த்தபோது பாதி அளவு இருந்தது. யார் நம்புவார்கள்? என்னை வேலையை விட்டு அனுப்புவதாகப் பேச்சு.

அவள் வந்தாள். கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. டாக்டரை அவர் அறையிலும் என்னை என் நாற்காலியிலும் உட்காரவைத்து, அன்று செய்ததையே திரும்பச் செய்யச் சொல்லிவிட்டு என் பின்னால் நின்றாள். டாக்டர் புது எண்ணைத் தட்டினார். என் திரையிலும் உடனே மாறியது. அன்று இப்படி மாறவில்லை என்று கத்தினேன். பிறகுதான் அவருக்கு நினைவு வந்ததாம், அன்று எண்ணைத் தட்டவில்லை, 'பாதியாக்கு' என்ற பட்டனை அழுத்தினார் என்று. இப்போது அதை அழுத்தினார். என் திரை அசையவில்லை. மூடித் திறந்ததும் பாதி அளவு வந்து நின்றது.

அளவு மாறினால் என் திரைக்குத் தகவல் போகும்படி ஒரு வழி வைத்திருந்தாளாம். வாசல் வழியாக வந்தால் மணி அடிக்கும். அந்தப் பட்டன் மட்டும் கொல்லைப்புறமாக நுழைந்து எண்ணை மாற்றிவிட்டுப் போயிருக்கிறது. ஒரே ஒரு வரியைத் திருத்தினாள், சரியாகிவிட்டது. உடனே என்னை அதிகாரியின் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அந்த பட்டன எழுதினது நான்தான் சார். சிஸ்டர் பார்த்தது பழைய அளவு. தப்பு என்னோடது."

நான் இன்றும் அதே வார்டில் இருக்கிறேன் என்றால் அது அவள் போட்ட பிச்சை. அவளைத்தான் எங்கள் மருத்துவமனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் கிளம்பும்போது வாசலில் பிடித்துக்கொண்டு, அழுதபடியே திட்டினேன். சத்தமில்லாமல் சரி செய்துவிட்டுப் போயிருந்தால் யாருக்குத் தெரியும், பைத்தியமா உனக்கு என்று கேட்டேன்.

"சரி பண்ணினா திரை சரியாயிடும்க்கா," என்றாள். "உங்க பேரு சரியாகுமா?"