அத்தை அனுப்பிய மரிக்கொழுந்து

ஆசைப்பட்டவருக்குத் துளசி கொடுக்கக் கூடாது. அது சாமிக்குப் போனது. கொடுத்தால், எனக்கு இஷ்டமில்லை, நீ நல்லா இரு என்று அர்த்தம். மரிக்கொழுந்து தலையில் வைக்கிறது; கொடுத்தால் சம்மதம். இதை எனக்குச் சொன்னவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் முப்பது வருஷம் கழித்து, ஒரு கல்யாணத்துக்கு வந்த இடத்தில் கதம்பம் கட்டிக்கொண்டே சிரித்தபடி சொன்னாள். நான் நிமிரவில்லை. பூவைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அத்தைக்குக் கல்யாணமாகாத அந்த நாளில் எனக்கு ஏழு வயசு. எதிர் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்ய மாகறலிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமையானால் என்னைக் கூப்பிட்டு ஒரு கொத்து மரிக்கொழுந்து கொடுப்பார். "அத்தைகிட்ட குடும்மா. பட்டுல வெச்சா பூச்சி வராது." அத்தை அதைப் பட்டில் வைத்து நான் பார்த்ததில்லை. ஜடையில் வைத்துக்கொள்வாள். "பூச்சி உன் தலையிலயா இருக்குது?" என்பாள் அம்மா.

பிறகு ஆரணியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். விஷயம் தெரிந்ததும் மாகறல்காரர் தெருக்குழாயடியில் அத்தையிடம் நாலே வார்த்தை பேசினாராம். சம்மதமென்றால் மரிக்கொழுந்து அனுப்பு, திங்கட்கிழமை எங்கம்மா பெண் கேட்டு வருவாங்க. இல்லையென்றால் துளசி அனுப்பு, நான் ஊருக்குப் போயிடறேன்.

சனிக்கிழமை காலையில் அத்தை ஒரு கொத்து மரிக்கொழுந்தை வாழையிலையில் மடித்து என்னிடம் தந்தாள். அவர் அன்றைக்கு அடுத்த தெருவில் பாவு போட்டுக்கொண்டிருந்தார். "நேரா போய் அவர் கையில குடு. யார்கிட்டயும் நின்னு பேசிக்கினு இருக்காத."

யாரிடமும் நிற்கவில்லை. பெருமாள் கோயில் ஒன்றுதான் வழியில் இருந்தது. வாசனையுள்ளது எதுவானாலும் முதலில் சாமிக்கு, அப்புறம்தான் மனுஷருக்கு என்பது எங்கள் வீட்டு வழக்கம். கையில் மரிக்கொழுந்தை வைத்துக்கொண்டு கோயிலைத் தாண்டிப் போக எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே போய் நீட்டினேன். அர்ச்சகர் வாங்கிக்கொண்டுபோய்ப் பெருமாள் காலடியில் வைத்தார். திரும்பி வந்து அதே இலையில் ஒரு பிடி துளசியை வைத்து மடித்துக் கொடுத்தார். நாங்கள் கும்பிடுகிற சிவன் கோயிலாக இருந்தால் விபூதி கொடுத்திருப்பார்கள். விபூதியில் எந்தப் பதிலும் இல்லை. மாகறல்காரர் என்ன அர்த்தம் என்று அத்தையிடம் திருப்பிக் கேட்டு அனுப்பியிருப்பார்.

தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டிய பாவில் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு இலையைப் பிரித்தார்.

"அத்தையா குடுத்தாங்க?"

"ஆமா."

"அவங்க கையாலயா?"

"அவங்கதான் மடிச்சிக் குடுத்தாங்க."

துளசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு இலையை வாயில் போட்டுக்கொண்டார். "சரிம்மா, நீ வூட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு மறுபடி இழையைப் பிடித்தார். சாமி பிரசாதமே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், ஒரு பொட்டுக்கடலைகூடத் தரவில்லையே என்று எனக்கு மனத்தாங்கல்.

வீட்டில் அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். "குடுத்தியா? இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கண்ணுல ஒத்திக்கினாரு."

அத்தை என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். கோயிலுக்குப் போனதைச் சொல்லத் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை. முப்பது வருஷம் கழித்துக் கதம்பம் கட்டினபோதும் நான் சொல்லவில்லை. அந்த மனுஷன் பேச்சு மாறினவன் என்று சிரித்தாளே, அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை அத்தை விடியற்காலையிலேயே குளித்து, மாம்பழ நிறப் புடவை கட்டியிருந்தாள். எதிர் வீட்டுத் தறியில் சத்தமில்லை. "தெருக்கோடி வரைக்கும் போய் யாராவது வராங்களா பாரு" என்று என்னை அனுப்பினாள். போய்ப் பார்த்துவிட்டு வந்து, "யாரும் வரல அத்தை" என்றேன். ஒரு வெல்லக்கட்டி கொடுத்தாள். மறுபடி அனுப்பினாள். மறுபடி வெல்லம். சாயங்காலத்துக்குள் நாலு தடவை ஓடியிருப்பேன். விளக்கு வைத்தபிறகும், இன்னொரு தடவை அனுப்ப மாட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.