வீராணம் கரையில் ஒரு செம்மண் மைதானம்

தொடக்கப் பள்ளிக்கு விளையாட்டுக்காக வரும் மானியத்தை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கும் ஆசிரியர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 2010 பிப்ரவரியில் நானும் அப்படி விழித்துக்கொண்டிருந்தேன்.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி என்னுடையது. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள், அறுபத்தொரு பிள்ளைகள். தலைமையாசிரியர் நான்தான். பள்ளி முற்றத்தில் ஓர் இரும்புச் சறுக்கு மரம் இருந்தது. அதற்குக் கீழே பாறை மாதிரி இறுகிய தரை. அதற்கு முந்தைய ஆண்டு, நான்காம் வகுப்பு மகாலட்சுமி அதிலிருந்து விழுந்து முழங்கையை ஒடித்துக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது நான்தான். இரண்டே மாதத்தில் அவளுக்குக் கை சரியாகிவிட்டது. எனக்குத்தான் சரியாகவில்லை. அவளுடைய அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மறுநாளிலிருந்து மாலை விளையாட்டு நேரத்தை நிறுத்திவிட்டேன். மூன்றேகாலுக்கு மணி அடித்தால் பிள்ளைகள் வராந்தாவில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வார்கள்.

2010இல் மானியம் வந்தது. மார்ச் முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும். உதவி ஆசிரியர் கேரம் போர்டு வாங்கிவிடலாம் என்றார். "உக்காந்து ஆடுறதுல யாருக்கும் அடிபடாது டீச்சர்" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. புதன்கிழமை கல்விக் குழுக் கூட்டத்தில் முடிவு செய்வதாக இருந்தோம். அதற்கு முந்தைய வாரம், ஆசிரியர் பயிற்சியில் என்னோடு படித்த ஸ்டெல்லாவிடம் போனில் சொன்னேன். கடலூரில் கடலோரப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறாள். "வெள்ளிக்கிழம லீவு போட்டுட்டு வாடி. வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு எடத்தப் பாத்துட்டுப் போ" என்றாள்.

திண்டிவனத்தில் காலை 5.10க்குப் பேருந்து. புதுச்சேரி 38 கிலோமீட்டர், பன்னிரண்டு ரூபாய். அங்கே மாறி, கடலூர் 22 கிலோமீட்டர், ஏழு ரூபாய். ஜன்னலோரம் கிடைத்தது. பனி இறங்கி வயல்களெல்லாம் பால் தெளித்தது போல வெளுத்துக் கிடந்தன. தூக்கமா விழிப்பா என்று தெரியாத நிலையில் பெண்ணையாற்றுப் பாலம் கடந்து போனது. தண்ணீர் நகர்கிறதா, நாங்கள் நகர்கிறோமா என்று ஒரு கணம் குழம்பி, மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். கடலூர் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது மணி 7.15.

ஸ்டெல்லாவின் பள்ளிக்கு ஐந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் எண்பது கேட்டு அறுபதுக்கு வந்தார்.

"அந்த ஸ்கூலா? புள்ளைங்க இப்ப ஸ்கூல்ல இருக்காதுங்க. கடக்கரையில இருப்பாங்க. அங்கயே வுடட்டா?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அலை பின்வாங்கிய ஈரமணலில் ஐம்பது பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கடல் மேலே புகைபோல மூட்டம். அதற்குள் போய் மறைகிறார்கள், சிறிது நேரத்தில் வேறொரு பக்கமிருந்து திரும்பி வருகிறார்கள். சத்தம் முதலில் வருகிறது, பிறகுதான் உருவம் வருகிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ஸ்டெல்லா கழுத்தில் விசிலோடு வந்து தோளைத் தட்டியபோதுதான் நினைவு வந்தது.

சுனாமிக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கு உதவி நிறைய வந்ததாம். சுழல் ராட்டினம், ஏறி இறங்கும் சீசா பலகை, வண்ண வண்ணமாய் இரும்புக் கம்பிகள். பள்ளிக்குக் கூட்டிப்போய் அவற்றைக் காட்டினாள். எல்லாம் துருவேறியிருந்தன, கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள்.

"உப்புக் காத்துடி. நாலு வருஷங்கூடத் தாங்கல. புள்ளைங்க அதுல ஏறுனா சட்டையெல்லாம் கிழிஞ்சிடும்."

"அப்ப இப்ப வர்ற பணத்துல என்ன வாங்குற?"

ஒரு சாக்குப் பையை அவிழ்த்துக் கொட்டினாள். தாண்டு கயிறுகள், ரப்பர் பந்துகள், வளையங்கள், கோடு போடச் சுண்ணாம்புத் தூள். "இந்தச் சாக்குக்குள்ள அடங்குறது மட்டுந்தான் வாங்குவேன். சாயங்காலம் உள்ள வச்சிப் பூட்டிடுவேன். மைதானம் என்னுது இல்ல, கடல் குடுத்தது. ஆனா உனக்குக் கடல் இல்லியே. நீ காட்டுமன்னார்கோயில் பக்கம் போய்ப் பாரு" என்றாள்.

அங்கே ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் கலியமூர்த்தி. ஒரு பயிற்சி முகாமில் ஸ்டெல்லாவுக்குப் பழக்கமானவர். நான் வருவதாக அப்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

கடலூரிலிருந்து 10.40க்குக் கிளம்பினேன். சிதம்பரம் 45 கிலோமீட்டர், பதினைந்து ரூபாய். செம்மங்குப்பம் ரசாயனத் தொழிற்சாலைகளைத் தாண்டும்போது ஒரு மருந்து நெடி வந்து பேருந்தில் பாதிப் பேர் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். அதற்கப்புறம் சவுக்குத் தோப்புகள், உப்பங்கழி, வெயிலில் மினுங்கும் தண்ணீர். சிதம்பரம் வரும்போது பன்னிரண்டு. கீழவீதிப் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் மதியம் வரை கிடைக்கும். பதினெட்டு ரூபாய். மதியச் சாப்பாட்டுக்கு இட்லியா என்று யோசிக்காதீர்கள், கொத்சுக்காகச் சாப்பிடுங்கள்.

1.10க்கு டவுன் பஸ். காட்டுமன்னார்கோயில் 26 கிலோமீட்டர், எட்டு ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர், ஐந்து ரூபாய். ஆட்டோ ஏரிக்கரை மேலே ஏறியதும் வலது பக்கம் வீராணம் முழுசாய்த் தெரிந்தது. அக்கரை தெரியவில்லை. நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு அசையாமல் நின்றன. இடது பக்கம் தாழ்வில் பச்சை வயல். அந்தப் பச்சைக்கு நடுவே, யாரோ குங்குமத்தைக் கொட்டிப் பரப்பியதுபோல ஒரு சிவப்புச் சதுரம். அதுதான் கலியமூர்த்தி சாரின் பள்ளி மைதானம்.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லியாக, ஓயாமல் பேசுகிறவராக இருந்தார். முதல் ஆண்டு மானியத்தில் வாலிபால், நெட் எல்லாம் வாங்கினாராம்.

"ஐப்பசியிலேர்ந்து தை வரைக்கும் இங்க முட்டியளவு தண்ணி நிக்கும் மேடம். அப்புறம் சேறு. சேறு காஞ்சா வெடிப்பு. வெடிப்புல கால வுட்டா சுளுக்கு. நெட்டு அறையிலயே மக்கிப்போச்சு. அப்பதான் புரிஞ்சிது, எனக்குப் பந்து பிரச்சின இல்ல, தரதான் பிரச்சின."

அடுத்த ஆண்டு, அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கி, தரையை உயர்த்த முடிவு செய்தார். பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில்தான் தண்ணீர் வடியும், அது இறுகவும் இறுகாது. பலாப்பழம் ஏற்றும் லாரிக்காரர் ஒருவரின் மகள் இந்தப் பள்ளியில் படித்தாள். அவர் பண்ருட்டியிலிருந்து காலியாகத் திரும்பி வரும் நடைகளில் டீசல் செலவுக்கு மட்டும் மண் கொண்டுவரச் சம்மதித்தார். ஊர்தான் சம்மதிக்கவில்லை.

"நான்தான் சம்மதிக்கல" என்றது ஒரு குரல். கல்விக் குழுத் தலைவி ராணி. நடவு வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், சேலையில் சேறு காயவில்லை. "நம்மூர்ல மண்ணுக்கா பஞ்சம், காசு குடுத்து மண்ணு வாங்குறாரேன்னு கூட்டத்துலயே சத்தம் போட்டேன். அப்புறம் மொதல் லோடு கொட்டுனப்ப எம்பேத்தி அதுல உருண்டா பாருங்க. வூட்டுக்கு வந்தா தல மயிரெல்லாம் செவப்பு. சரி, கொட்டிட்டுப் போங்கன்னுட்டேன்."

மூன்றேகாலுக்கு மணி அடித்தது. எண்பது பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஒரு பக்கம் கபடி, ஒரு பக்கம் வளையம். ராணியும் கலியமூர்த்தி சாரும் ஆளுக்கொரு முனையில் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, பிள்ளைகள் வரிசையாக வந்து தாண்டினார்கள். சாய்வெயிலில் எழும் செந்தூசி அவர்களைச் சுற்றி மெதுவாக இறங்கியது. குதித்த பிள்ளைகள் காற்றில் கொஞ்சம் கூடுதலாகத் தங்கிவிட்டு இறங்குவதுபோல எனக்குத் தோன்றியது.

அப்போது ஒரு சிறுமிக்குக் கயிற்றில் கால் தட்டியது. கை முன்னே நீள, முகம் குப்புற விழுந்தாள்.

நான் கத்தியிருக்கிறேன். கத்தியது எனக்கே தெரியாது. ஓடிப்போய் அவளைத் தூக்கி, முழங்கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தேன். மைதானமே நின்றுவிட்டது. அவள் கையை உருவிக்கொண்டு, பாவாடையைத் தட்டிவிட்டு, "என்னா டீச்சர்? கைய வுடுங்க, வரிச போயிடும்" என்றாள். ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள்.

என்னை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மகாலட்சுமியைப் பற்றி அங்கேதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். சறுக்கு மரம், ஆஸ்பத்திரி, வராந்தா வாய்ப்பாடு எல்லாவற்றையும் சொன்னேன். ராணிதான் கேட்டார்.

"எத்தினி நாளா?"

"ஒரு வருஷமா."

"ஒரு புள்ளைக்குக் கை ஒடிஞ்சதுக்கு மிச்ச அறுவது புள்ளைக்கும் சேத்துக் கட்டுப் போட்டுட்டீங்களே டீச்சர்."

கோபமாகச் சொல்லவில்லை. நடவு வேலைக்கு ஆள் வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். அதனால்தான் இன்னும் வலித்தது.

இருட்டுவதற்குள் சிதம்பரம் வந்து, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கினேன். அறை இருநூற்றைம்பது ரூபாய், சுத்தம். மறுநாள் காலை முதல் பேருந்திலேயே ஊர் திரும்பினேன். அந்தப் பயணத்தில் கண்ணையே மூடவில்லை.

புதன்கிழமை கூட்டத்தில், சறுக்கு மரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மணல் பரப்பலாம், கயிறும் பந்தும் வாங்கலாம், விளையாட்டு நேரத்தைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றேன். கேரம் போர்டு கேட்ட உதவி ஆசிரியர் தலை குனிந்துகொண்டார். எல்லோரும் கூட்டத்துக்கு வந்திருந்த மகாலட்சுமியின் அம்மாவைப் பார்த்தார்கள். நானும்தான். அவர் எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"அவ வூட்டு மாடிப்படியிலேர்ந்து தினம் குதிச்சிட்டுதான் இருக்கா டீச்சர். சிமிட்டித் தர அது. இங்க மணல்ல குதிக்கட்டும். நானே கேக்கணும்னு இருந்தேன், நீங்க பாவம் பயந்து போயிருக்கீங்களேன்னு வுட்டுட்டேன்."

ஒரு வருடமாக நான் தப்பாகப் படித்த மௌனம் அது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஜனவரி பிற்பாதியிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். மழைக்காலத்தில் போனால் சுற்றிலும் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள். அதையும் ஒருமுறை பார்ப்பது நல்லதுதான். பள்ளிக்கு முன்கூட்டியே போன் செய்து அனுமதி கேளுங்கள். கடற்கரைப் பிள்ளைகளைப் பார்க்க எட்டு மணிக்குள், ஏரிக்கரைப் பிள்ளைகளைப் பார்க்க மூன்றுக்குள் சேர வேண்டும். அந்த நேரங்களைத் தவறவிட்டால் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வருவீர்கள். ஏரிக்கரையில் கடை கிடையாது, தண்ணீர் எடுத்துப்போங்கள். மண் கொட்டவோ மணல் பரப்பவோ நினைத்தால், அந்த மானியத்தில் செய்யலாமா என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொருள் பட்டியல் எழுதுவதற்கு முன்னால் உங்கள் பள்ளித் தரையில் செருப்பில்லாமல் ஒருமுறை நடந்து பாருங்கள். எதற்குப் பணம் வேண்டும் என்பது பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

மார்ச் இரண்டாம் வாரம் மணலும் கயிறும் பந்தும் வந்தன. அன்று மூன்றேகாலுக்கு மணி அடித்துவிட்டு, பிள்ளைகள் பாய்ந்து வருவார்கள் என்று ஒதுங்கி நின்றேன். யாரும் பாயவில்லை. அறுபத்தொரு பேரும் வராந்தாவை விட்டு இறங்கி, சுவரோரம் வரிசையாக நின்றுகொண்டு என்னையே பார்த்தார்கள். பந்தைத் தொட்டால் திட்டுவேனோ என்று சின்னப் பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஒரு வருடம் அவர்களுக்கு நான் நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

"வெளையாடுங்க" என்றேன். அசையவில்லை.

சேலையைக் கொஞ்சம் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு விளையாட்டுக்கு ஓடியதே இல்லை. முதல் சுற்றில் மூச்சு வாங்கியது. சுவரோரம் யாரோ சிரித்தார்கள். இரண்டாவது சுற்றில் எனக்கே சிரிப்பு வந்தது. மூன்றாவது சுற்றில் முதுகுக்குப் பின்னால் ஒரு காலடிச் சத்தம், அப்புறம் இன்னொன்று, அப்புறம் எண்ண முடியவில்லை. யாரென்று திரும்பிப் பார்க்காமல் ஓடிக்கொண்டே இருந்தேன்.