பதினோரு நிமிடம்

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதை என் அனுபவம்போல எழுதவில்லை. முப்பத்தொரு வருடம் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். எந்த அளவைக் குறித்தாலும் பக்கத்தில் மணியையும் குறிப்பது என் கைப்பழக்கம். அந்தச் சாயங்காலத்து நோட்டு இப்போதும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அது மட்டும் இல்லையென்றால், எல்லாம் வெறும் பிரமை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன்.

முதலில் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மனைவி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வீட்டில் நான் போடும் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டுத் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நிசப்தம். அப்போதுதான் இருபத்தெட்டு அடிப் பாய்மரப் படகு ஒன்று விலைக்கு வந்தது. எட்டு வருடமாகக் கரையில் ஏற்றி நிறுத்தியிருந்த பழைய படகு. விற்றவர், சொந்தக்காரரின் தம்பி. சொந்தக்காரர் ஏன் விற்கவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வீட்டைப் பூட்டிவிட்டு, கரையோரமாகவே ஊர் ஊராகத் தனியாகப் போய்க்கொண்டிருப்பது என் திட்டம். வேறு ஊரில் இருக்கும் மகளுக்கு அது அறவே பிடிக்கவில்லை.

“அங்க தனியா விழுந்து கிடந்தா யாருப்பா பாக்குறது?”

“இங்க விழுந்தாலும் பேப்பர் போடுறவர்தான்மா பாக்கணும். அதுவும் ரெண்டு நாள் பேப்பர் வாசல்லயே கிடந்த பிறகு.”

அவள் சிரிக்கவில்லை. “யாராவது ஒருத்தர் கூட வரட்டும். அப்பதான் நான் நிம்மதியா தூங்குவேன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். கூட வர யார் இருக்கிறார்கள்?

பாய் இருந்தாலும் காற்று இல்லாத நாளில் இன்ஜின்தான் கதி. உள்ளே இருந்தது நாற்பது வயது டீசல். அதைப் பிரித்துச் சரிசெய்து திரும்ப மாட்டலாம். புது டீசல் வைக்கலாம். அல்லது பேட்டரியில் ஓடும் மோட்டார் வைக்கலாம். ஒரு மாதமாக இந்த மூன்றுக்கும் நடுவில் அல்லாடிக்கொண்டிருந்தேன். மெக்கானிக்கை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நீளமான திருப்புளியின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து நோய் கண்டுபிடிப்பார். அவருக்கே பொறுமை போய்விட்டது.

“நீங்க யோசிக்கிற நேரத்துல நான் புதுசா ஒரு இன்ஜினையே வார்த்துருப்பேன் சார். நாளைக்குக் காலைல கிரேன் வருது. இன்னிக்கு ஆறரைக்கு வரேன். ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

என் மனம் பழைய இன்ஜின் பக்கமே சாய்ந்திருந்தது. இருந்தாலும் மற்ற இரண்டும் அந்த இடத்தில் உட்காருமா என்று கடைசியாக ஒருமுறை அளந்துவிடலாம் என்று போனேன்.

அன்று படகுப் பட்டறைக்கு விடுமுறை. பெரிய தகரக் கொட்டகை. ஈ காக்கை இல்லை. இரும்புக் கால்களின் மேல் படகு நின்றது. பின்பக்கம் சாத்தியிருந்த ஏணியில் ஏறினேன். ஏழு படி. மேலே திறந்த தளத்தில் எதிரெதிராக இரண்டு இருக்கைகள். அங்கிருந்து ஒரு சின்ன மரப்படிக்கட்டு உள்ளறைக்கு இறங்குகிறது. அந்தப் படிக்கட்டுக்குப் பின்னால்தான் இன்ஜின். படிக்கட்டைக் கழற்றினால்தான் அதைத் தொட முடியும். கழற்றிப் படுக்கையின் மேல் வைத்தேன்.

இனி நோட்டில் உள்ளபடியே சொல்கிறேன்.

4.05. இன்ஜின் நிற்கும் கட்டைகளின் இடைவெளி. எழுதிக்கொண்டிருக்கும்போது வெளியே, படகின் முன்பக்கம், ‘பட்’ என்று ஒரு சத்தம். தகரம் வெயிலுக்கு விடைப்பதாக நினைத்தேன்.

4.16. உயரம். மறுபடி ‘பட்’. இந்த முறை கூடவே ஒரு ‘சர்ர்ர்’. முன்னாலிருந்து பின்னால் வரை படகின் உடம்பைத் தேய்த்துக்கொண்டே போய் நின்றது.

“யாரு?”

நாயாக இருக்கும்.

4.27. சுழல்தண்டின் சாய்வு. ‘பட்... சர்ர்ர்...’

நாய்க்கு என் தோள் உயரத்தில் என்ன வேலை?

சத்தம் வந்த இடம் கீழே தரையோடு இல்லை. படகு தண்ணீரில் மிதந்தால் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்குமோ, சரியாக அந்த மட்டம். உள்ளே குனிந்திருந்த என் முகத்துக்கு நேர் எதிரே.

படிக்கட்டைத் திரும்ப மாட்டி வெளியே வந்து எட்டிப் பார்த்தேன். கொட்டகை காலி. சிமெண்டுத் தரையில் தூசி. அதில் என் செருப்புத் தடம் மட்டும். வேறு ஒரு தடமும் இல்லை.

படகின் பக்கவாட்டில் ஓரிடம் மட்டும் ஈரமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிட்டது.

அப்போதே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஆறரைக்கு டாக்டர் வந்து கேட்பாரே... வேலை பாதியில் நிற்கிறதே... திரும்பவும் இறங்கிப் படிக்கட்டைக் கழற்றினேன்.

4.38. 4.49. 5.00.

நோட்டில் நானே எழுதிய எண்களைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் நடுவில் பதினோரு நிமிடம். ஒரு நிமிடம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

அதன் பிறகு நான் அளக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது... மூன்று வருடத்தில் ஒரு சத்தத்துக்காக நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

5.11. ‘பட்.’

5.22. ‘பட்.’ சத்தம் இளைத்திருந்தது. முன்பு முழு உள்ளங்கை. இப்போது விரல்கள் மட்டும்.

5.30. தடுமாறி இன்ஜின் மேல் கையை ஊன்றினேன். உடனே இழுத்துக்கொண்டேன்.

சூடு.

காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சூடு. பேட்டரியைக் கழற்றிப் பத்து நாள் ஆகிறது. டீசலை டாக்டர்தான் ஒரு சொட்டு விடாமல் வடித்தார்.

5.33. ‘பட்.’

தற்செயலாக மேலே பார்த்தேன். வாசலை ஒட்டிய சுவரில் திசைகாட்டி பதித்திருக்கும். உள்ளேயிருந்தும் தெரியும். அதன் தட்டு நகர்ந்துகொண்டிருந்தது. மெதுவாக... கடிகார முள்போல... வடக்கு போய்க் கிழக்கு வந்தது. கிழக்கு போய்த் தெற்கு.

படகு அசையவில்லை. அடியில் இரும்புக் கால்கள். ஆனால் திசைகாட்டியைப் பொறுத்தவரை படகு திரும்பிக்கொண்டே இருந்தது.

மீண்டும் வடக்கு வந்தபோது மணி பார்த்தேன். 5.44.

‘பட்.’

வெளியே ஓட வேண்டும். படிக்கட்டை மாட்ட வேண்டும். கொக்கி துளையில் இறங்கவில்லை.

5.55. விரல் நுனி. நகம் கீறும் சத்தம்.

கூடவே ஒரு குரல். சொல் இல்லை. மூச்சு முட்டியவன் எழுப்பும் ஓசை.

இந்த மாதிரிப் பழைய டீசல் சாவியைத் திருப்பினால் நிற்காது. பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். டாக்டர் காட்டிக்கொடுத்திருந்தார்.

ஏன் செய்தேன் என்று தெரியாது. ஓடாத இன்ஜினின் நெம்புகோலை இழுத்தேன்.

திசைகாட்டி நின்றது.

அதுவரை என் காதில் ஒரு சத்தம் இருந்திருக்கிறது... அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

6.06. தட்டவில்லை.

6.07. ஒன்றுமில்லை.

6.09. பின்பக்கம், ஏணி கிரீச்சிட்டது.

ஒரு படி.

நின்றது.

இரண்டு.

மூன்று...

தண்ணீர் சொட்டியது.

ஏழு.

படகு லேசாக ஆடியது. தலைக்கு மேல் பலகை முனகியது. யாரோ உட்கார்ந்தார்கள்.

நான் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டேன். மேலே மூச்சு வாங்கியது. நெடுநேரம் நீந்தியவன் மூச்சு. வரவரத் தணிந்தது. அழுகைபோல ஒன்று... பிறகு அதுவும் இல்லை.

இருபது நிமிடம். அவர் மேலே. நான் கீழே.

6.32. “சார்! உள்ளதான் இருக்கீங்களா?”

டாக்டர். ஏறி வந்து வாசலில் குனிந்தார்.

“என்ன சார், முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?”

“மேல... யாரு இருக்கா?”

“யாரும் இல்லையே. ஆமா, சீட்ல எதுக்கு இவ்வளவு தண்ணி ஊத்தி வச்சிருக்கீங்க?”

கிரேனை ஒரு வாரம் தள்ளிப்போட்டோம். மறுநாள் படகை விற்ற தம்பியைத் தேடிப் போனேன். அமைதியான மனிதர். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“அண்ணனுக்குத் தனியா போறதுதான் பிடிக்கும்” என்றார். “அன்னிக்குக் காத்தே இல்ல. இன்ஜினைப் போட்டுட்டுப் போயிருக்காரு. சுக்கானைக் கயித்தால கட்டிட்டு எதுக்கோ எந்திரிச்சவரு, வழுக்கித் தண்ணில விழுந்துட்டாரு. படகு நிக்கல. சுக்கான் கொஞ்சம் ஒரு பக்கமா இருந்திருக்கு. அதனால தூரமாவும் போகல. வட்டம் போட்டுட்டே இருந்திருக்கு. சாயங்காலம், அண்ணன் மூழ்கின பிறகுதான், மீன்பிடிக்கிறவங்க பாத்துட்டு, ஓடுற படகுல எப்படி ஏறுறதுன்னு ரெண்டு சுத்து நேரம் பாத்தாங்களாம். ஒரு சுத்துக்குப் பதினோரு நிமிஷம்.”

“பதினோரு நிமிஷமா?” என்றேன்.

“ஒவ்வொரு சுத்துலயும் அவர் பக்கமாவே வந்திருக்கு சார். படகோட சொந்த ஏணி மேல மடக்கி இருந்தது. பிடிக்க ஒண்ணுமில்ல. படகோட பக்கவாட்டுல பாசி படிஞ்சிருந்துச்சா... அதுல கைத்தடம். முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும் இழுத்த மாதிரி. நான் எண்ணினேன். இருபத்து மூணு.”

திரும்பும் வழியில் என்னையறியாமல் கணக்குப் போட்டேன். நான்கு மணி நேரத்துக்கும் மேல்.

அந்த வாரமே முடிவு சொல்லிவிட்டேன். பேட்டரி மோட்டார். அதற்கு மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஒரு சிவப்புக் கயிறு உண்டு. ஆள் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும். மோட்டார் அந்த நொடியே நின்றுவிடும்.

“அப்பாடா! இப்பவாவது வாயைத் திறந்தீங்களே” என்றார் டாக்டர். “கயிறு ஒண்ணுதானே சார்?”

“ரெண்டு போட முடியுமா?”

“போடலாம். எது பிடுங்கினாலும் நின்னுடும். ரெண்டாவது யாருக்கு? பொண்ணு வர்றாங்களா?”

“இல்ல. இருக்கட்டும், போடுங்க.”

போட்டுக்கொடுத்தார். எதிர் இருக்கையின் பக்கம் இரண்டாவது கயிறு தொங்குகிறது.

அன்று ஏழு படியும் ஏறி வந்ததை நான் கேட்டேன். இறங்கிப் போனதை இன்றுவரை கேட்கவில்லை.