தமிழ் தெரிந்தவர்கள் தேவை

டிகிரி முடித்து ஒன்றரை வருடம் வேலை கிடைக்காவிட்டால், எதற்குச் சந்தோஷப்படுவது என்பதிலும் இறங்கி வர வேண்டியிருக்கிறது. மைசூரில் அக்ரஹாரம் பகுதியில் நான், மண்டி மொஹல்லாவில் ஒருத்தி, தமிழ் பேசும் எல்லையோர ஊரான ராமாபுரத்திலிருந்து வந்து பி.ஜி.யில் தங்கியிருந்தவள் ஒருத்தி. கல்லூரியில் ஒரே பெஞ்ச், இப்போது ஒரே கதி. எவளுக்காவது துளி நல்லது நடந்தால் அன்று மாலையே தள்ளுவண்டியில் சுருமுரி என்கிற காரப்பொரி சாப்பிடுவோம். நிராகரிப்பு மெயிலானாலும் பதில் என்று ஒன்று வந்ததே என்று சாப்பிட்டோம். இன்டர்வியூவில் காபி கொடுத்தார்கள் என்று சாப்பிட்டோம். பொரியில் பச்சை மிளகாய் தூக்கலாக இருக்கும். கண் கலங்கினால் அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம்.

மூவரும் சேர்ந்தால் கன்னடம்தான், ஏனென்றால் மண்டி மொஹல்லாக்காரிக்குத் தமிழ் வராது. ராமாபுரத்தவளும் நானும் தனியாக இருந்தால் தமிழ்.

அவளுக்குத்தான் நெருக்கடி. பொங்கலுக்குள் வேலை கிடைக்காவிட்டால் பி.ஜி.யைக் காலி செய்துவிட்டு வந்துவிடு என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். ஊரில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்குக் காத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பயமில்லை. வீட்டில் சோறு உண்டு, கூடவே கொஞ்சம் முணுமுணுப்பு.

அப்போதுதான் ரிங் ரோடு பக்கம் ஒரு கஸ்டமர் கேர் கம்பெனி, தமிழ் பேசுகிறவர்கள் வேண்டும் என்று விளம்பரம் போட்டது. மைசூரில் தமிழுக்கு வேலை! விளம்பரத்துக்கே சுருமுரி சாப்பிட்டோம். இது அவளுக்கென்றே வந்த வேலை என்று மனதார நம்பினேன். நான் பேசுவது வீட்டுக்குள் புழங்கும் தமிழ், அதிலும் பாதி கன்னடம். எனக்குப் பயிற்சி கொடுத்ததே அவள்தான். பி.ஜி. மொட்டை மாடியில் அவள் கோபக்கார வாடிக்கையாளர், நான் கம்பெனி.

“ஸ்வல்ப இருங்கோ, பார்த்துச் சொல்றேன்.”

“ஸ்வல்பவா? நெட்டு வரலீன்னு ஒருத்தன் கத்தீட்டு இருக்கறான், அவன்கிட்டப் போயி ஸ்வல்பங்கற! கொஞ்சம்னு சொல்லோணும் புள்ள!”

வயிறு வலிக்கச் சிரித்தோம். சில நாட்களில் என் தமிழ் தேறிவிட்டது. அந்த மாடியில்தான் நான் கடைசியாக அப்படிச் சிரித்தது.

இருவரையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். அவள் உள்ளே பேசியது வெளியே எனக்குக் கேட்டது. எங்கேயும் திக்கவில்லை, கேள்வி கேட்டவர்தான் தடுமாறினார். கிடைத்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். அடுத்து நான் போய், அவள் சொல்லிக்கொடுத்ததை அளந்து அளந்து பேசிவிட்டு வந்தேன். சாயங்காலம் எச்.ஆர். பெண் எங்கள் இருவரையும் சேர்த்தே உட்காரவைத்து, நான் செலக்ட் என்றார். பிறகு அவளைப் பார்த்தார்.

“உங்க தமிழ்ல வில்லேஜ் ஸ்லாங் ஜாஸ்தி மேடம். எங்களுக்கு நியூட்ரலா வேணும்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நியூட்ரலாம்! பிறந்ததிலிருந்து பேசுகிறவளுக்கு வேலையில்லை, அவளிடம் கற்றுக்கொண்டு வந்து ஒப்பித்தவளுக்கு வேலை. சண்டை போட வாயைத் திறந்தேன். அவள் மேஜைக்கு அடியில் என் கையை அழுத்தினாள்.

அன்றும் தள்ளுவண்டிக்கு அவள்தான் இழுத்துப் போனாள். மண்டி மொஹல்லாக்காரியைப் போன் செய்து வரவழைத்தாள், என்னைக் கட்டிக்கொண்டு கன்னடத்தில் வாழ்த்தினாள். மூன்று பேர் இருக்கிறோமே, அதனால்தான் கன்னடம் என்று நினைத்தேன். மற்றவள் ஸ்கூட்டரில் கிளம்பிப் போன பிறகு பி.ஜி. வரை கூடவே நடந்தேன். அப்போதும் கன்னடத்தில்தான் பேசினாள். நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே கன்னடத்தில் பதில் சொன்னாள். அவள் என்மேல் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை.

எனக்கு வேலை நன்றாகத்தான் போகிறது. கத்துகிறவர்களிடம் கொஞ்சம் இருங்க என்கிறேன், அடங்கிவிடுகிறார்கள். போன வாரம் அவளை அழைத்தேன்.

“எப்படி இருக்கற புள்ள?”

“சென்னாகித்தீனி. நீனு?” என்றாள்.

நன்றாக இருக்கிறேன் என்று நானும் கன்னடத்திலேயே சொன்னேன். பின்னாலிருந்து அவள் அம்மா கூப்பிடுவது கேட்டது. “இதா வர்றனம்மா, அடுப்புல என்னத்த வெச்ச?” என்று கணீரென்று குரல் கொடுத்தாள். பிறகு என்னிடம், அப்புறம் பேசலாம் என்று கன்னடத்தில் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.