இடது காலை இழுத்துப் போன சைக்கிள்

பாலாவிச் சந்தியில் ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டி விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே யாருக்கும் வேண்டாமல் பின்சுவரில் சாத்திக் கிடந்த இரும்புச் சைக்கிள்தான் இப்போது எங்கள் முற்றத்தில் நிற்கிறது. நான் பார்த்தபோது அதற்கு விரல் தடிப்பில் டயர், ஆட்டுக்கடாக் கொம்புபோல வளைந்த ஹேண்டில், பிரேக் கிடையாது. கடைக்காரர் பின்சில்லைத் தூக்கிச் சுற்றிக் காட்டினார். சில்லு சுற்றச் சுற்றப் பெடலும் கூடவே சுற்றியது.

"இது உங்களுக்குச் சரிவராது நானா. நீங்க மிதிக்கிறத நிப்பாட்டினாலும் பெடல் நிக்காது. வாங்கினவங்க எல்லாம் விழுந்து எழும்பி, திருப்பிக் கொண்டுவந்து போட்டுட்டாங்க. வேணுமெண்டா பிரீவீல் ஒண்டு போட்டுத் தாறன், மத்தச் சைக்கிள் மாதிரி ஓடும்."

"வேணாம். நிக்காமச் சுத்துறதாலதான் இதக் கேக்கிறன்."

அவர் என்னையும் என் கைத்தடியையும் மாறிமாறிப் பார்த்தார். அந்தப் பரிதாபப் பார்வை எனக்குப் பழகிவிட்டது, பிடிக்கத்தான் இல்லை.

நான் தையல்காரன். மன்னாரிலிருந்து எங்களை விரட்டியபோது எல்லோரையும்போல வெறுங்கையோடு இங்கே வந்தபிறகு, காலால் மிதிக்கும் ஒரு பழைய மெஷினை வைத்துத்தான் குடும்பத்தைப் பார்த்தேன். மிதித்து மிதித்து என் கால்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாமல் போய்விட்டது. கதிரையில் குந்தியிருந்தாலும் ஆடும், படுத்தாலும் ஆடும். "தூக்கத்திலயும் சட்ட தைக்கிறீங்க" என்று சொல்லி, என் மனைவி முழங்காலில் கையை வைத்து அமர்த்துவாள். அவள் கை இருக்கும்வரை கால் அடங்கிக் கிடக்கும்.

போன வருடம் எனக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். சாரம், துவாய், பல் பிரஷ் எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்து, வாரை இழுத்துப் பூட்டி, அம்புலன்ஸில் ஏற்றிவிட்டவள் அவள்தான். நான் வாய் கோணி வார்டில் கிடந்த நாட்களில், இங்கே குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்ற நிலையிலேயே மாரடைத்து மௌத்தாகிவிட்டாள். எங்களில் மையித்தை வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கே அடக்கம் முடிந்துவிட்டது. எனக்குச் சொன்னால் நானும் போய்விடுவேன் என்று பயந்து எல்லோருமாக மறைத்தார்கள்.

வீட்டு வாசலில் என்னை இறக்கியபோது, "உம்மா எங்க?" என்று மகளைக் கேட்டேன். பேச்சு இன்னும் சரியாகத் திரும்பாத நேரம். நான் சொல்வது விளங்காமல்தான் மகள் அழுகிறாள் என்று நினைத்து, திரும்பத் திரும்ப அதையே கேட்டேன்.

மனைவியின் தம்பி த்ரீவீல் ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, "மச்சான், மையவாடிக்குப் போயிட்டு வருவமா?" என்று கேட்பார். மாட்டேன் என்பேன். சீமெந்து மூட்டையைப்போல இரண்டு பேர் பிடித்து இறக்கி, அவளை அடக்கிய கபுறடியில் நிறுத்தி, நான் அழுவதை ஓரமாக நின்று பார்க்கவா? அவளைத் தூக்கிப் போன சந்தூக்குக்குத் தோள் கொடுக்காத புருஷன் நான். போனால் என் காலால்தான் போவேன். பொல்லாத பிடிவாதம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அவளை அடக்கிய நாளைப் பற்றி மச்சான் கதை எடுத்தாலே கையை நீட்டி நிறுத்திவிடுவேன். "கேட்டுக்கொள்ளுங்களேன் வாப்பா" என்று மகள் கெஞ்சியும் பார்த்தாள். எனக்குக் கேட்கப் பொறுக்கவில்லை.

பொழுதாவது போகட்டும் என்று ஒரு நாள் மகள் என்னைத் தையல் மெஷினுக்கு முன்னால் இருத்தினாள். பழக்கத்தில் இரண்டு பாதங்களையும் பலகையில் வைத்து, வலது காலால் அமுக்கினேன். சக்கரம் ஓடியது. உணர்ச்சியற்றுக் கிடந்த இடது பாதமும் பலகையோடு மேலும் கீழும் போய்வந்தது. நான் அதை ஒன்றும் செய்யவில்லை. மெஷின்தான் நடத்திக்கொண்டு போனது. துணியுமில்லாமல் நூலுமில்லாமல், மதியம் லுஹர் பாங்கு சொல்லும்வரை சும்மா ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மருமகனின் சைக்கிளை முன்பே ஏறிப் பார்த்திருக்கிறேன். வலது கால் கீழே போனதும் இடது கால் மேலே மாட்டிக்கொண்டு நின்றுவிடும். அதை அமுக்க எனக்குப் பலமில்லை. இந்த இரும்புச் சைக்கிளில் சில்லு உருண்டால் போதும், பெடல் காலைச் சுமந்துகொண்டு சுற்றிவரும். பாலாவிக் கடையில் அது சுற்றுவதைக் கண்டவுடனேயே எனக்கு மெஷின் பலகை நினைவுக்கு வந்துவிட்டது.

ஆனால் அது தார் ரோட்டுக்குப் பிறந்த சைக்கிள். எங்கள் மையவாடி கடல் களப்போரம். ரோட்டை விட்டு இறங்கினால் உப்பள வரம்பு, அது முடிந்ததும் மணல் பாதை. அந்த மெல்லிய டயர் முதல் மணலிலேயே புதைந்துவிடும். விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் வேறு ஆளாகிவிட்டார். அகலமான மொத்த டயர் தேடி எடுத்தார். அது பின்சில்லைத் தாங்கும் கவட்டில் உரசியது. கவட்டைச் சூடாக்கி உள்பக்கமாகத் தட்டி இடம் எடுத்தார். இரும்பு என்றபடியால் வளைந்து கொடுத்தது. பின்னால் இருந்த சின்னப் பல்லுச் சில்லைக் கழற்றிப் பெரியதைப் போட்டு, செயினில் கண்ணி கூட்டினார். வேகம் குறையும், மிதி லேசாகும். செயின் மட்டும் தொய்யக் கூடாது என்று நான் போகும்போதெல்லாம் சொன்னார். தொய்ந்து கழன்றால் சில்லு இறுகி ஆளைத் தூக்கிப் போட்டுவிடுமாம். கொம்பு ஹேண்டிலுக்குப் பதிலாக அகலமான நேர் ஹேண்டில், வலது கைக்கு முன் பிரேக். சீட்டை நன்றாக இறக்கிவைத்தார், நின்றால் பாதம் தரையில் படட்டும் என்று.

இடது பாதத்தைப் பெடலில் கட்டும் வேலை என்னுடையது. அதற்கு உறுதியான வார் வேண்டும். கொழும்புக்குப் போன பை அலுமாரிக்கு மேலே கிடந்தது. அவள் கடைசியாக இழுத்துப் பூட்டிய அந்த வாரைத்தான் வெட்டி எடுத்தேன். வெல்க்ரோ வைத்து, இழுத்தால் உடனே கழலும்படி தைத்தேன். ஒற்றைக் கையும் பாதிக் கையுமாகத் தைத்த தையல் கோணலாகத்தான் வந்தது. அவள் இருந்தால் பிரித்துத் தைக்கச் சொல்லியிருப்பாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் பழகினேன். மகள் திட்டித் தீர்த்தாள். "வாப்பா, விழுந்து இடுப்ப முறிச்சா ஆரு பாக்கிறது?" விழத்தான் விழுந்தேன். திரும்பும்போது மிதிப்பதை நிறுத்தப் பார்த்ததுதான் பிழை. இந்தச் சைக்கிளில் அது முடியாது. போகப் போகப் பழகிவிட்டது. கால் மேலே வருவதும் கீழே போவதும் இடுப்பில் தெரிந்தது. எனக்கு இரண்டு கால் இருக்கிறது என்று உடம்பு நம்பத் தொடங்கியது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஆள் இல்லாததுதான் வருத்தம்.

ஒரு காலையில், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட மகள் போன நேரம், கைத்தடியைச் சைக்கிள் சட்டத்தில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. உப்பள வரம்பில் பள்ளமும் மேடுமாக இருந்தது, மெதுவாகப் போனேன். மணலில் சில்லு அலைந்தது. மிதி நிற்காததால் புதைய முன்பே சில்லு அடுத்த மணலுக்குப் போய்விட்டது. வலது கால் எரிந்தது. இடது கால் தன்பாட்டில் வந்துகொண்டிருந்தது.

மையவாடி வேலியைப் பிடித்து நின்று, வாரைக் கழற்றினேன். "வந்துட்டன் புள்ள" என்று வாய்விட்டே சொன்னேன். கைத்தடியை ஊன்றி உள்ளே போனேன்.

போன பிறகுதான் கண்டேன். மணல் மேடுகள், ஒன்றன் பக்கத்தில் ஒன்று. மாரி மழையில் கரைந்தவை, புல் மூடியவை, தலைமாட்டு மீசான் கட்டை சாய்ந்தவை. ஒன்றிலும் பெயரில்லை. இங்கே பெயர் எழுதுகிற வழக்கம் கிடையாது. அடக்கிய ஆட்களுக்குத் தெரியும், அது போதும் என்று விட்டுவிடுவார்கள். அடக்கிய ஆட்களில் நான் இல்லை. இதைக்கூட யோசிக்காமல் டயரையும் செயினையும் பற்றி யோசித்திருக்கிறேன்.

எந்தப் பக்கம் திரும்பி அழுவது என்று தெரியவில்லை. எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு ஸலாம் சொன்னேன். பிறகு மச்சானுக்கு போன் எடுத்தேன்.

"மச்சான், நான் மையவாடியில நிக்கிறன்."

"ஆரோட வந்தீங்க?"

"தனியத்தான்."

மணல் மேடுகளை இன்னொரு முறை பார்த்தேன்.

"மச்சான்," என்றேன், "இவ எங்க இருக்கா?"

அவர் விம்முவது கேட்டது. "அப்பிடியே இரிங்க, வாறன்" என்று மட்டும் சொன்னார்.

வேலியோரம் மணலில் இருந்தேன். அவ்வளவு தூரம் சுற்றிவந்த இடது கால் இன்னும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. முழங்காலில் என் கையை வைத்து அமர்த்திப் பார்த்தேன். அடங்கவில்லை.